இத்தாலியன் உச்சரிப்பு: அந்த ஆங்கிலப் பத்தியை முதலில் மறையுங்கள்

கேள்வி இதுதான்: மிலானில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆங்கிலம் பேசுபவர்களுக்காக எழுதிய புத்தகம் ஒன்றை வைத்து இத்தாலியன் படிக்கிறேன், ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆங்கில எழுத்தில் ஒரு தனிப் பத்தியில் போட்டிருக்கிறார்கள், அதை அப்படியே சொல்லிப் பார்த்தும் இத்தாலியர்கள் சொல்வதுபோல வரவில்லை, எங்கே தப்பு?

தப்பு அந்தப் பத்தியில்தான். அது லண்டனிலோ சிகாகோவிலோ வளர்ந்த ஒருவரின் வாயை மனதில் வைத்து எழுதியது. இப்படி எழுதினால் அவர் நாக்கு எங்கே போகும், உதடு எப்படிக் குவியும் என்று கணக்குப் போட்டு, இத்தாலிய ஒலிக்கு எவ்வளவு கிட்டே அவரைக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோகிற ஏற்பாடு. நீங்கள் அதை நம்ம ஊர் ஆங்கிலத்தில் படிக்கிறீர்கள். இத்தாலியன் ஆங்கிலமாகி, அந்த ஆங்கிலம் தமிழ் வாய்க்குள் போய் வெளியே வருகிறது, பிறகு அதில் என்ன மிஞ்சும்? நான் போலோஞ்ஞா நகரத்தில் ஐந்து வருடம் இருந்தவன், முதல் வருடம் முழுக்க இதே கூத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு காகிதத்தை வைத்து அந்தப் பத்தியை மறைத்துவிட்டு இத்தாலிய எழுத்தை நேராகப் பாருங்கள். எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே படிக்கிற மொழி அது, விதிகள் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

ஆனாலும் ஆங்கிலேயர்கள் எங்கெல்லாம் சறுக்குகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நமக்கும் நல்லது, ஏனென்றால் பீட்சா, லாட்டே, புருஷெட்டா என்று நாம் கற்றுவைத்திருக்கிற சொற்களெல்லாம் அவர்கள் வழியாக வந்தவை, அவர்கள் சறுக்கலோடு சேர்த்து.

முதலில் உயிர். ஆங்கிலேயர் வாயில் ஓ என்பது ஓவாக நிற்காது, ஓஉ என்று வழுக்கும். ஏ என்பது ஏஇ ஆகும். அப்புறம் அழுத்தம் விழாத அசையில் எந்த உயிர் இருந்தாலும் அதைத் தேய்த்து மங்கலாக்கிவிடுவார்கள். வாழைப்பழத்துக்கு இரண்டு மொழியிலும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். அதை ஓர் ஆங்கிலேயர் சொல்லும்போது மூன்று அகரத்தில் நடுவில் உள்ளது மட்டும்தான் உருப்படியாகக் கேட்கும், இத்தாலியர் சொன்னால் ப-னா-ன என்று மூன்றும் தெளிவாக விழும். குறிப்பாகச் சொல்லின் கடைசி உயிரை விழுங்கக் கூடாது. நன்றி சொல்வதற்கு ஆங்கிலேயர்கள் 'கிராட்ஸி' என்று முடித்துவிடுவார்கள், அது 'கிராத்ஸியெ', அந்த எகரம் காதில் விழ வேண்டும். ஆண், பெண், ஒருமை, பன்மை எல்லாம் அந்தக் கடைசி உயிரில்தான் தொங்குகிறது: ரகாத்ஸொ என்றால் பையன், ரகாத்ஸ என்றால் பெண், ரகாத்ஸி பையன்கள், ரகாத்ஸெ பெண்கள். மங்கலாக ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்தால் யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றே தெரியாது.

நமக்கு இது சுலபம். வழுக்காத எ, ஒ குறிலாகவே நம்மிடம் இருக்கின்றன, எழுத்திலும் இருக்கின்றன. எகரத்திலும் ஒகரத்திலும் திறந்தது, மூடியது என்று இரண்டிரண்டு வகை உண்டு என்பதையும், அதனால் எழுத்தில் ஐந்து உயிர் என்றாலும் ஒலியில் ஏழு என்பதையும் புத்தகம் சொல்லியிருக்கும். 'பெஸ்க' என்பதை வாயைச் சற்று அகட்டிச் சொன்னால் பீச் பழம், ஒடுக்கிச் சொன்னால் மீன்பிடிப்பு. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 1861-இல் இத்தாலி ஒரே நாடானபோது பெரும்பாலான இத்தாலியர்கள் வீட்டில் பேசியது அந்தந்த ஊர் மொழி, ஃபிளாரன்ஸ் நகரப் பேச்சிலிருந்து வந்த பொது மொழியை அவர்கள் பிறகு பள்ளியிலும் வானொலியிலும் கற்றுக்கொண்டார்கள், அதனால் எந்தச் சொல்லில் எந்த எகரம் என்பதில் மிலான்காரரும் ரோம்காரரும் இன்றைக்கும் ஒத்துப்போவதில்லை. நீங்கள் தப்பாகச் சொன்னால் வேறு ஊர்க்காரர் என்று நினைப்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்து, டகரத்தை மறந்துவிடுங்கள். ஆங்கிலேயரின் நாக்கு பல்லுக்கு மேலே உள்ள ஈறில் தட்டும், அந்த ஒலிதான் நம் காதில் டவாக விழுந்து லாட்டே, பாஸ்டா என்று எழுத வைத்தது. இத்தாலியருடைய நாக்கு பல்லைத் தொடும், அது நம்முடைய த. லாத்தெ, பாஸ்த, தெ (தேநீர்தான்!). கொசுறாக ஒன்று: இத்தாலியில் கடையில் போய் 'லாத்தெ' என்று மட்டும் கேட்டால் பால் கொடுப்பார்கள், லாத்தெ என்றால் பால்தான், காபி வேண்டுமென்றால் 'கஃபெல்லாத்தெ' என்று முழுசாகக் கேளுங்கள். ஆங்கிலேயருக்கு இன்னொரு சிக்கல், சொல்லின் முதலில் வரும் க, த, ப மூன்றையும் ஒரு ஊதலோடு சொல்வார்கள், உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தால் காற்று அடிப்பது தெரியும். இத்தாலியனில் அந்த ஊதல் கிடையாது. நம் 'பழம்', 'தண்ணீர்', 'கண்' போலச் சொன்னால் போதும்.

இனி இரட்டிக்கும் மெய். எனக்குக் கேட்டால் இத்தாலிய உச்சரிப்பில் பாதி இதுதான் என்பேன். நம்மிடம் பலி வேறு, பல்லி வேறு. மனம் வேறு, அன்னம் என்பதில் உள்ள ன்ன வேறு. அங்கேயும் அப்படியே: பாலா என்றால் மண்வாரி, பல்லா என்றால் பந்து. கபெல்லோ தலைமுடி, கப்பெல்லோ தொப்பி. நோனோ ஒன்பதாவது, நொன்னோ தாத்தா. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள்ளே இந்த வேறுபாடு இல்லாததால் அவர்கள் காதுக்கே அது சட்டென்று ஏறாது. என்னோடு மாலை வகுப்பில் ஓர் ஆங்கிலேயர் இருந்தார், நாற்பது வயது, நல்ல மனிதர். உன் வயது என்ன என்று ஆசிரியை கேட்டதும் 'எனக்கு நாற்பது வருடம்' என்று சொல்வதற்காக 'ஒ குவாரன்தானி' என்றார். ஆண்டுக்கு ன்ன வர வேண்டும், ஆன்னி. ஒற்றை ன போட்டால் அது ஆசனவாய். தனக்கு நாற்பது இருக்கிறது என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆசிரியை சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். இதே காரணத்தால் ஹோட்டலில் பென்னெ பாஸ்தா கேட்கும்போதும் அந்த ன்ன-வில் நாக்கை ஒரு கணம் நிறுத்திவிட்டு விடுங்கள், ஒற்றையாகச் சொன்னால் என்ன அர்த்தம் என்பதை நீங்களே அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் 'எங்கள் தமிழில் இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு' என்று அலட்டிக்கொண்டேன். ஆகஸ்ட் மாதம் வந்தது. போலோஞ்ஞாவில் ஆகஸ்ட் வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சளைத்தது இல்லை. வியர்த்து விறுவிறுத்து மாடியேறி வந்து, வீட்டுக்கார அம்மாவிடம் 'எனக்குத் தாகமாக இருக்கிறது' என்று சொன்னேன், அதாவது சொன்னதாக நினைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, 'ஸெத்தெ கோஸ?' என்று கேட்டார். ஏழு என்ன? தாகத்துக்கு ஒற்றைத் தகரம். நான் இரட்டித்துவிட்டேன், 'என்னிடம் ஏழு இருக்கிறது' என்று ஆகிவிட்டது. தண்ணீர் கிடைப்பதற்கு முன் விரலால் தொண்டையைக் காட்ட வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி ஆனது என்று யோசித்தபோதுதான் நமக்கான பொறி எங்கே இருக்கிறது என்று புரிந்தது. ல, ன, ம போன்றவற்றில் நாம் ராஜா. வல்லினத்தில் அப்படி இல்லை. தமிழ்ச் சொற்களில் உயிருக்கு நடுவே ஒற்றையாக வரும் க, ச, த, ப மெலிந்துவிடும், அதை வலிமையாகச் சொல்ல வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும்: 'பத்து' த வேறு, 'அது' த வேறு. இத்தாலியனில் மூன்றாவது ஒன்று இருக்கிறது, ஒற்றைதான், ஆனால் மெலியாது. அதனால் நாம் ஒன்று இரட்டித்துவிடுகிறோம் (என் ஏழு), இல்லையென்றால் மெலித்துவிடுகிறோம்: நண்பனுக்கு அமீகோ என்று எழுதியிருப்பதைப் பார்த்து கவை மெலித்தால் அது இத்தாலியன் இல்லை, ஸ்பானிஷ் ஆகிவிடும்.

இதற்கு மருந்து நம் வீட்டுப் பெயர்களிலேயே இருக்கிறது. வடமொழியிலிருந்து வந்த பெயர்களில் நாம் அந்த மூன்றாவது ஒலியை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். கீதா, ராதா இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றுதான், ஒலி ஒன்றில்லை. கீதாவின் த வலியது, ராதாவின் த மெலிந்தது. தாகத்துக்கான ஸேதெயில் வருவது கீதாவின் த. அமீகோவில் வருவது ரேகாவின் க. தலைவர் என்று பொருள்படும் காபோவில் வருவது கோபாலின் ப, சுபாவின் ப இல்லை. இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அழுத்தம் விழுகிற உயிர், ஒற்றை மெய்க்கு முன்னால் சற்று நீளும், இரட்டை மெய்க்கு முன்னால் குறுகும். ஸேதெ, ஸெத்தெ. முதல் உயிரை நீட்டி மெய்யைச் சுருக்கென்று விட்டால் தாகம், முதல் உயிரைச் சுருக்கி மெய்யில் நின்றால் ஏழு. 'பாட்டு', 'காற்று' மாதிரி நெடிலும் இரட்டையும் சேர்ந்து வருகிற நம் வழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது.

மூக்கெழுத்துக்குப் பின்னாலும் இதே கதை. 'ந்த' என்று எழுதியிருந்தால் நம் வாய் தானாகச் 'சுந்தர்' என்பதில் வருவதுபோல மெலிக்கும். இத்தாலியனில் குவாந்தோ என்று இரண்டு சொல் இருக்கிறது: சாந்தியின் ந்த போட்டால் 'எவ்வளவு', சுந்தரின் ந்த போட்டால் 'எப்போது'. கடையில் இதைக் குழப்பினால் தக்காளி என்ன விலை என்று கேட்பதற்குப் பதில் தக்காளி எப்போது என்று கேட்டுக்கொண்டு நிற்பீர்கள். வயல் என்ற பொருளில் வரும் காம்போவுக்குச் சம்பத்தின் ம்ப வேண்டும், கம்பனின் ம்ப ஆகாது.

ஒரு ஆறுதல் சொல்கிறேன். நம்முடைய இந்தப் பழக்கங்கள் எல்லாம் இத்தாலிக்குள்ளேயே உண்டு. நேப்பிள்ஸ் பக்கத்திலும் தெற்கில் பல ஊர்களிலும் மூக்கெழுத்துக்குப் பின்னால் வரும் வல்லினத்தை நம்மைப் போலவே மெலிக்கிறார்கள், அங்கே 'எவ்வளவு' பேச்சில் 'எப்போது' மாதிரிதான் கேட்கும். ஃபிளாரன்ஸிலோ உயிருக்கு நடுவே வரும் க, நம் 'மகன்', 'அகம்' ஆகியவற்றில் வருவதுபோல ஹ ஆகிவிடும்: 'ல காஸ' (வீடு) அவர்கள் வாயில் 'ல ஹாஸ'. மற்ற ஊர்க்காரர்கள் ஃபிளாரன்ஸ்காரர்களைக் கிண்டல் செய்ய ஒரு கோகோ-கோலாவை உறிஞ்சுகுழலோடு கேட்கச் சொல்லி, வரிசையாக ஹ, ஹ என்று வருவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். முத்தத்துக்கு உள்ள பாச்சொ ரோமில் பாஷொ ஆகும். ஆக, உங்கள் சறுக்கல்கூட ஏதோ ஒரு ஊர்ப் பேச்சாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் போவது மிலான், அங்கே இவை எதுவும் வழக்கம் இல்லை.

சரி, எழுத்துக்கு வருவோம். ஆங்கிலேயர்களை அதிகம் ஏமாற்றுவது சி, ஜி இரண்டும்தான். அ, ஒ, உ முன்னால் சி 'கண்' க ஆகவும் ஜி 'கணேசன்' க ஆகவும் நிற்கும். எ, இ முன்னால் வந்தால் இளகி ச்ச ஆகவும் ஜ ஆகவும் மாறும். இளகக் கூடாது என்றால் நடுவில் ஒரு எச் போட்டுத் தடுப்பார்கள், அந்த எச்சுக்கு வேறு வேலையும் இல்லை, சத்தமும் இல்லை. ஸ்பகெத்தியில் எச் எதற்கு, லம்போர்கீனியில் எச் எதற்கு என்று யோசித்திருந்தால் இதற்குத்தான். அதேபோல அ, ஒ, உ முன்னால் இளக வேண்டும் என்றால் நடுவில் ஒரு ஐ போடுவார்கள், அதுவும் சும்மா அடையாளத்துக்கு, வாயில் வராது. ச்சாவ் என்பதில் இ கிடையாது. ஜொவான்னி, ஜியோவான்னி இல்லை. கரவாஜ்ஜொ, கரவாஜியோ இல்லை. அந்த ஐயிலேயே அழுத்தம் விழுந்தால் மட்டும் அதற்கு உயிர் வரும்: லுச்சீய என்ற பெண் பெயர், ஃபார்மச்சீய என்ற மருந்துக்கடை.

ஆங்கிலேயர்கள் சி-எச் என்று கண்டதும் தங்கள் ச ஒலியை நினைத்துக்கொள்வார்கள், எஸ்-சி-எச் என்று கண்டால் ஜெர்மனை நினைத்து ஷ என்பார்கள். அப்படி வந்ததுதான் புருஷெட்டா. அது புருஸ்கெத்த. இந்த ஒரு விதியை நீங்கள் பள்ளியிலேயே படித்துவிட்டீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். வீரமாமுனிவரின் இயற்பெயர் என்று பாடப் புத்தகத்தில் வருமே, கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. முதல் இரண்டும் ஆங்கிலமான பெயர்கள், அவர் ஊரில் கொஸ்தான்த்ஸொ ஜுஸெப்பெ என்பார்கள். மூன்றாவதை மட்டும் நாம் இத்தாலியர் சொல்வதுபோலவே வைத்திருக்கிறோம். அதன் எழுத்துக்கூட்டல் எஸ்-சி-எச்-ஐ, புருஸ்கெத்தவில் உள்ள அதே கூட்டம். ஓர் அமெரிக்கரிடம் அந்தப் பெயரை எழுதிக்காட்டிப் படிக்கச் சொல்லுங்கள், பெஷி என்று சொல்ல நிறைய வாய்ப்பு. அவர் 1680-இல் பிறந்த ஊர் மாந்தோவ பக்கத்தில் உள்ள காஸ்தில்யோனெ, மிலானிலிருந்து ஒரு விடுமுறை நாளில் போய்வரக்கூடிய தூரம்தான். எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கிய பெருமையை நாம் அவருக்குத்தான் கொடுக்கிறோம், அவருடைய தாய்மொழி இந்த உயிர்களில் எவ்வளவு கறார் என்று பார்த்தால் அதில் ஆச்சரியம் இல்லை என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம், ஆராய்ச்சி எதுவும் இல்லை.

எஸ்-சி மட்டும் எ, இ முன்னால் வந்தால் அதுதான் ஷ: புரொஷ்ஷுத்தொ (பன்றித் தொடை இறைச்சி).

ஜி-என் சேர்ந்தால் ஞ. இங்கே ஆங்கிலேயர்கள் தவிப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும், ஞொக்கி என்ற உணவின் பெயரை 'நி-யோக்-கி' என்று மூன்றாக உடைப்பார்கள். நமக்கு 'ஞாயிறு' சொல்லத் தெரிந்தால் ஞொக்கி சொல்லத் தெரியும். உயிருக்கு நடுவே வந்தால் எப்போதும் இரட்டிக்கும், லஸாஞ்ஞெ, போலோஞ்ஞ. மலையாளிகளின் 'கஞ்ஞி'யைக் கேட்டிருந்தால் அதே ஞ்ஞ. பஞ்சு மாதிரி ஞ்ச ஆக்கிவிடாதீர்கள்.

ஜி-எல்-ஐதான் நம்மிடம் இல்லாத ஒலி. அதை ள என்று சொல்பவர்கள் உண்டு, நாக்கை மடக்கவே கூடாது. ல்ய என்றால் முக்கால்வாசி வந்துவிட்டது, புரிந்துகொள்வார்கள். முழுசாக வேண்டுமென்றால் நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் அடக்கி, ஞ சொல்வதற்கு வைப்பதுபோல நடுநாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, அந்த நிலையிலேயே ல சொல்ல முயலுங்கள், காற்று இரு பக்கமும் வழியும். ஃபமீல்ய (குடும்பம்), ஃபீல்யொ (மகன்), தல்யதெல்லெ. நான் குளிக்கும்போது ஒரு மாதம் சொல்லிச் சொல்லிப் பழகினேன், பக்கத்து அறைக்காரன் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தான்.

இசட் என்பது த்ஸ, சில சொற்களில் அதன் மெலிந்த வடிவமான த்ஃஸ, அகராதியைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பித்ஸ, மொத்ஸரெல்ல. எச் எப்போதும் ஊமை, ஹோட்டல் அங்கே ஒதெல். வி எழுத்துக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், நம் வ சற்றுத் தளர்ச்சி. ரகரம் நம் ரகரம்தான், இரட்டையாக வந்தால் நாக்கு நுனி உருள வேண்டும், நாகர்கோவில் பக்கத்தில் 'கறி' என்று அழுத்திச் சொல்வார்களே அதைவிட இன்னும் கொஞ்சம். ஆங்கிலேயர்களுக்கு இந்த ரகரம் மலையேறுவது மாதிரி. ஸகரத்தோடு தொடங்கும் சொற்களுக்கு முன்னால் இகரம் போட்டு 'இஸ்கூல்' என்று சொல்லாதீர்கள், ஆனால் வெட்கப்படவும் வேண்டாம்: இத்தாலியருக்கும் அங்கே நாக்கு தடுக்கியிருக்கிறது. 'எழுத்து மூலமாக' என்பதற்கு இன்றைக்கும் 'பெர் இஸ்கிரித்தொ' என்று இகரம் சேர்த்துத்தான் சொல்கிறார்கள், தனியாக வந்தால் அந்தச் சொல் வெறும் 'ஸ்கிரித்தொ'.

அப்புறம் அழுத்தம். பெரும்பாலான சொற்களில் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். கடைசி அசையில் விழுந்தால் எழுத்துக்கு மேலே ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள், கஃபெ, சித்த (நகரம்) மாதிரி. கடைசிக்கு முந்தைய அசைக்கும் முன்னால் தள்ளி விழுந்தால்தான் தொல்லை, எழுத்தில் ஒன்றும் காட்டமாட்டார்கள். ஆங்கிலேயர்கள் தரந்தொ என்ற ஊர்ப் பெயரில் நடுவே இடிப்பார்கள், அது தாரந்தொ. ஃபிளாரன்ஸை ஆண்ட குடும்பத்தை மெதீச்சி என்பார்கள், அது மேதிச்சி. நாபொலி (நேப்பிள்ஸ்தான்), மோதென, ரீமினி, ஊதினெ எல்லாம் முதல் அசைதான். ஒரே எழுத்துக்கூட்டலில் மூன்று சொல் வரும் ஓர் உதாரணத்தை எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள், அதை ரோம எழுத்தில் விளக்குவதைவிடத் தமிழில் எழுதிக்காட்டுவது சுலபம்: காபிதனொ என்றால் 'நிகழ்கின்றன', கபிதானொ என்றால் கேப்டன், கபிதனோ என்றால் 'தலைமை தாங்கினான்' (ப எல்லாம் கோபாலின் ப, த எல்லாம் கீதாவின் த). நம் காதுக்கு அவர்கள் அழுத்தம் நெடிலாகத்தான் கேட்கிறது, ஆகவே புதுச் சொல் ஒன்றைக் கேட்டால் எந்த அசை நெடிலாகக் கேட்டதோ அதை அப்படியே தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். என் முதல் நோட்டு முழுக்க அப்படித்தான் இருக்கும். கடைசி உயிரை மட்டும் நீட்டாதீர்கள். ரோமா, பித்ஸா என்று இழுக்கிற நம் பழக்கம் அங்கே நகரம் என்பதற்கான சித்த போலக் கடைசியில் அழுத்தம் விழுந்ததாகக் கேட்கும்.

இதுவரை சொன்னவை புத்தகத்திலும் ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கும். புத்தகங்கள் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுகிற ஒன்று உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. 'வீட்டுக்கு' என்பதை அ, காஸ என்று இரண்டு சொல்லாக எழுதுவார்கள். ரோமில் அதைச் சொல்லிக் கேளுங்கள்: அக்காஸ. அ + காலம் அக்காலம் ஆவதுபோல! 'உண்மைதான்' என்பதற்கு எ, வேரொ என்று எழுதிவிட்டு எவ்வேரொ என்பார்கள், நம் அவ்வீடு, அந்நாள், அம்மரம் எல்லாம் எப்படியோ அப்படி. மூன்று நாய் என்றால் த்ரெக்கானி. ஆங்கிலேயர்களுக்கு இதை விளக்க ஆசிரியை அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார், எனக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ் ஐயா ஞாபகத்துக்கு வந்தார். காரணம் வேறுதான்: பழைய லத்தீனில் அந்த அ என்பது 'அத்' என்று மெய்யோடு இருந்தது, அந்த மெய் தேய்ந்துபோய் அடுத்த சொல்லின் முதல் மெய்யோடு ஒன்றிவிட்டது. சில இடங்களில் எழுத்திலும் உறைந்துவிட்டது, 'உண்மையாகவா?' என்று கேட்கும் தவ்வேரொ, 'வாழ்க' என்னும் எவ்வீவ. ரோம், ஃபிளாரன்ஸ், தெற்கு எல்லாம் இப்படிச் சொல்லும். மிலானிலும் தூரினிலும் சொல்லமாட்டார்கள், அங்கே அகாஸ என்று ரேகாவின் க மட்டும். நீங்கள் மிலானில் இருக்கப்போவதால் இரட்டிக்காவிட்டாலும் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், ஆனால் ரோமிலிருந்து வந்த நண்பன் பேசும்போது ஏன் ஒரு மெய் கூடுதலாகக் கேட்கிறது என்று குழம்பாமல் இருப்பீர்கள்.

பழகுவதற்கு: இத்தாலிய அரசு ஒலிபரப்பான ராய் நிறுவனத்தின் வானொலிச் செய்தியைத் தினமும் ஐந்து நிமிடம் கேளுங்கள், பாட்டு வேண்டாம், பாட்டில் மெட்டுக்காக உயிரை இழுப்பார்கள். எந்த அசையில் அழுத்தம் என்று சந்தேகம் வந்தால், அறிவிப்பாளர்களை மனதில் வைத்து அதே நிறுவனம் 1969-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி ஒன்று இருக்கிறது, இன்றைக்கு இணையத்திலேயே பார்க்கலாம், இத்தாலியர்களே சண்டை தீர்க்க அதைத்தான் திறக்கிறார்கள். உங்கள் குரலைக் கைபேசியில் பதிந்து கேட்பதும் நல்லது, முதல் வாரம் சகிக்காது.

மிலானொ சென்த்ராலெ ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஒரு அரைமணி நேரம் சும்மா நடைமேடையில் உட்காருங்கள். தலைக்கு மேலே பலகையில் ஊர்ப் பெயர் ஓடும், அதே பெயரை ஒலிபெருக்கியில் நிதானமாகச் சொல்வார்கள்: போலோஞ்ஞ, ஃபிரென்த்ஸெ (ஃபிளாரன்ஸ்தான்), நாபொலி. முதலில் பலகையைப் பார்த்து வாய்க்குள் சொல்லுங்கள், பிறகு அறிவிப்பைக் கேளுங்கள். சென்த்ராலெயில் வருவது சாந்தியின் ந்த, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.